முகாமுக்குப் போன உலை

செய்தித்தாளில் சானமாவு என்ற ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் கூடவே ‘முகாம்’ என்ற சொல்லும் வந்துவிடுகிறது. சானமாவுக் காட்டில் யானைகள் முகாம் என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஆண்டுதோறும் பழகிப்போன செய்தி. ராகி முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து புறப்படும் யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக ஓசூரை அடுத்த சானமாவு வரை வந்துவிடுகிறது. பகலில் காட்டுக்குள் நிற்கிறது, இரவில் வயலுக்குள் இறங்குகிறது. வனத்துறையினர் பட்டாசு வெடித்து விரட்டுகிறார்கள். சில நாட்களில் மறுபடி வந்து நிற்கிறது.

யானைகள் முகாமிட்டுவிட்டுப் போனால் மிஞ்சுவது சாணமும் முறிந்த கிளைகளும்தான். சாணத்தை வண்டும் கறையானும் பார்த்துக்கொள்ளும். ஆனால் இதே பகுதியில் வேறு முகாம்களும் உண்டு. யானைகளைக் கண்காணிக்க இரவு முழுக்க விழித்திருக்கும் வனக்காவலர்களின் முகாம், சாலை போடவும் தொழிற்சாலை கட்டவும் வெளிமாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கும் தொழிலாளர்களின் முகாம். 1970களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரைச் சுற்றி இத்தகைய கொட்டகைகள் இல்லாத காலமே இல்லை எனலாம். இந்த முகாம்களில் மிஞ்சுவது சோறு, குழம்பு, பால் பாக்கெட், குர்குரே உறை, தண்ணீர் பாட்டில், பழைய செருப்பு, ரத்தம் துடைத்த பஞ்சு. நகராட்சி, மாநகராட்சி வண்டி இங்கெல்லாம் வருவதில்லை. எனவே கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி. மாலையில் ஒரு தீக்குச்சி.

ஊரைவிட்டு விலகி ஆயிரம் பேர் தங்கினால் அவர்கள் கழிக்கும் பொருளை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுகளாக விடை தேடப்பட்டு வருகிறது. அந்தத் தேடலில் பிறந்ததுதான் முகாமுக்கே கொண்டு செல்லக்கூடிய எரியுலை, அதாவது நடமாடும் இன்சினரேட்டர். அதன் கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். வழியில் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, பனிக்கண்டம் என்று பல இடங்களுக்குப் போய்விட்டு, சானமாவுக்கே திரும்பி வருவோம்.

ஈயின் காலில் ஒட்டிய சுண்ணாம்பு

குப்பையை எரிப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் உலை 1874ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வந்தது. ஆல்பிரட் பிரையர் என்பவர் வடிவமைத்தார்; மேன்லவ், அலியட் என்ற நிறுவனம் கட்டியது. அதற்கு வைத்த பெயர் டிஸ்ட்ரக்டர், அதாவது அழிப்பான். செங்கல்லில் கட்டிய, அசையாத பெரிய உலை அது. நகரத்துக்காகக் கட்டப்பட்டது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1885இல், அமெரிக்காவில் முதல் எரியுலை கட்டப்பட்டபோது அது நகரத்தில் வரவில்லை என்பதுதான் சுவையான செய்தி. நியூயார்க் துறைமுகத்தின் நடுவே இருக்கும் கவர்னர்ஸ் தீவில், அங்கிருந்த இராணுவ முகாமுக்காக அது கட்டப்பட்டது. நான்கு புறமும் தண்ணீர். குப்பையைக் கொட்ட வேறு இடம் இல்லை. நகரங்களுக்கு அந்த நெருக்கடி பின்னால்தான் வந்தது. படைமுகாம்களுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

அந்த நெருக்கடியின் உண்மையான அளவு 1898இல் தெரிந்தது. ஸ்பெயினுடன் போருக்குக் கிளம்பிய அமெரிக்கத் தொண்டர் படைகள் முதலில் சொந்த நாட்டிலேயே முகாம்களில் தங்கவைக்கப்பட்டன. எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே டைபாய்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது. வால்டர் ரீட், விக்டர் வான், எட்வர்ட் ஷேக்ஸ்பியர் என்ற மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு ஆராய்ந்தது. 92 படைப்பிரிவுகளில் இருந்த 1,07,973 பேரில் 20,738 பேருக்குக் காய்ச்சல், 1,580 பேர் சாவு என்பது அவர்கள் எடுத்த கணக்கு. குண்டடி பட்டுச் செத்தவர்கள் இதில் ஒரு சிறு பங்குதான்.

அந்தக் குழு கண்ட ஒரு காட்சியை மறக்க முடியாது. முகாம்களில் கழிவுக் குழிகளின் மேல் சுண்ணாம்பு தூவுவது வழக்கம். சமையல் கூடாரத்தில் உணவின் மேல் நடந்த ஈக்களின் கால்களில் அதே வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது! நோய் எந்த வழியாக வருகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அடுத்த ஆண்டு தொடங்கிய தென்னாப்பிரிக்கப் போரில் ஆங்கிலேயப் படை இதே பாடத்தை மறுபடி படித்தது, கூடுதல் கட்டணத்தில். ஏறத்தாழ 57 ஆயிரம் பேருக்கு டைபாய்டு. 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

புதைத்தால் ஈ வருகிறது, மழை வந்தால் கிணற்றில் கலக்கிறது. எரித்தால்? ஈக்கு உட்கார இடமில்லை. இந்த எளிய கணக்கின் மேல்தான் அடுத்த ஐம்பது ஆண்டுக் கால முகாம் சுகாதாரம் நின்றது.

பாளையத்து நெருப்பு

இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களையும் குடற்காய்ச்சல்தான் அதிகம் கொன்றது. ஓசூருக்குப் பக்கத்திலேயே, 1809இல் அமைந்த பெங்களூர் கண்டோன்மென்ட், தென்னிந்தியாவின் பெரிய படைமுகாம்களில் ஒன்று. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ், 1895இல் காலரா ஒழிப்புக்கும் சுகாதாரச் சீரமைப்புக்கும் இந்த பெங்களூருக்குத்தான் அனுப்பப்பட்டார். கொசு ஆராய்ச்சியை நடுவில் விட்டுவிட்டுக் கிணறும் குப்பையும் பார்க்க வேண்டியிருந்ததில் அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்காது!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கண்டோன்மென்ட்கள் பலவற்றில் கழிவைக் குழியில் புதைக்கும் முறைக்குப் பதிலாக எரிக்கும் முறை புகுந்தது. பிறகு முதல் உலகப்போர் வந்ததும் அந்த முறை படைகளுடன் பயணம் புறப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணம் செய்தது இயந்திரம் அல்ல, செய்முறை. களிமண்ணைக் குழைத்துத் தேனீக்கூடு போலக் கூம்பாக ஒரு சுவர் எழுப்புவார்கள். அடியில் காற்று புக நான்கு துளை, நடுவில் இரும்புக் கம்பித் தட்டு, மேலே வாய். களிமண் கிடைக்காத இடத்தில் பிஸ்கட் தகரம், எண்ணெய்ப் பீப்பாய், நெளிதகடு. படை கிளம்பினால் உலையை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். அடுத்த ஊரில் அரை நாளில் இன்னொன்று!

எரிபொருளுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் இதில் மிகப் புத்திசாலித்தனமான பகுதி. அன்றைய படை குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஓடியது. ஒரு குதிரை ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும். அதுவே ஈக்கள் முட்டையிடும் முதல் இடம். அந்தச் சாணத்தையும் லாயத்து வைக்கோலையும் உலர்த்தி உலையில் போட்டு, அதன் நெருப்பில் மற்ற கழிவை எரித்தார்கள். ஒரு கழிவு இன்னொரு கழிவுக்கு விறகானது. (ஓசூருக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. மத்திகிரியை ஒட்டிய கால்நடைப் பண்ணை 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டதுதான்.)

உலையை யார் ஊதினார்கள்? வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இது. இந்தியப் படையில் சிப்பாய்க்குக் கீழே ‘பின்தொடர்வோர்’ என்றொரு பட்டியல் இருந்தது. தண்ணீர் சுமப்பவர், சமைப்பவர், துணி வெளுப்பவர், கழிவை அள்ளுபவர் எல்லோரும் அதில் அடக்கம். சாதியால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்களே கழிவை அள்ளினார்கள், உலையிலும் போட்டார்கள். பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் அவர்களும் கப்பலேறினார்கள். சிப்பாயைவிடக் குறைந்த சம்பளம். எரியுலையின் கண்டுபிடிப்பாளர் பெயர் தெரிகிறது, கட்டிய நிறுவனத்தின் பெயர் தெரிகிறது. அதன் வாயருகே நின்று புகை குடித்தவர்களில் ஒருவர் பெயரும் இந்தக் கதையில் வருவதில்லை.

எரிப்பு எப்போதும் நன்மையாகவே வந்ததில்லை என்பதையும் எல்லையோர மக்கள் அறிந்திருந்தார்கள். 1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக் 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. நகருக்கு வெளியே தனிமை முகாம்கள் போடப்பட்டன. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு ஏறத்தாழ எல்லா உரிமையையும் கொடுத்திருந்தது. நோயாளி வீட்டுத் துணி, பாய், கூரை என்று தீக்கு இரையானவை பல. மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே, அன்றைய சேலம் மாவட்டத்தின் வட நுனியில் இருந்தது ஓசூர். நோய் கண்ட பகுதியிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருபவர் பிளேக் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்கள் வரை அதிகாரியிடம் உடம்பைக் காட்ட வேண்டும். சர்க்காரின் நெருப்பைக் கண்டு மக்கள் ஓடி ஒளிந்தார்கள், மாரியம்மனைக் கும்பிட்டார்கள். பெங்களூரிலும் கோவையிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

சக்கரம் முளைத்தது

குதிரைகள் போய் லாரிகள் வந்ததும் முகாம் உலைக்கு ஒரு சங்கடம் வந்தது: இலவச விறகு நின்றுபோனது. கூடவே குப்பையும் மாறியது. பிளாஸ்டிக் வந்தது. திறந்த உலையில் பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது.

இதற்கு விடையாக வந்ததுதான் இன்று நாம் காணும் இரட்டை அறை எரியுலை. முதல் அறையில் குப்பை 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரியும். அதிலிருந்து எழும் புகை அப்படியே வெளியே போகாது. இரண்டாவது அறைக்குப் போகும். அங்கே இன்னொரு டீசல் பர்னர் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்திருக்கும். அந்தச் சூட்டில் புகை ஓரிரு வினாடியாவது தங்கினால்தான் அதிலுள்ள நஞ்சு உடையும். அறையின் நீளம், விசிறியின் வேகம் எல்லாம் அந்த இரண்டு வினாடிக்காகவே கணக்கிடப்படுகின்றன. இந்த இரண்டு அறைகளையும் சிறிதாக்கி டிரெய்லரிலோ கன்டெய்னர் பெட்டியிலோ பொருத்தினால் அது நடமாடும் எரியுலை.

பெரியதாக்கியும் பார்த்தார்கள். வியட்நாம் போரில் காடுகளின் மேல் அமெரிக்கா தெளித்த ‘ஏஜெண்ட் ஆரஞ்ச்’ என்ற களைக்கொல்லி மிஞ்சிக் கிடந்தது. டையாக்சின் கலந்திருந்த அதை எந்த ஊரும் தன் மண்ணில் எரிக்க விடாது. கடைசியில் 1977இல் வல்கனஸ் என்ற கப்பலில் ஏற்றி, பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு அப்பால் கொண்டுபோய் எரித்தார்கள். கப்பலிலேயே உலை இருந்தது! உலகம் கண்ட மிகப் பெரிய நடமாடும் எரியுலைகளில் இதுவும் ஒன்று. கடலில் எரிக்கும் இந்த வழக்கத்துக்கு 1990களில் பன்னாட்டு உடன்படிக்கை முற்றுப்புள்ளி வைத்தது. 1985இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மிசௌரி மாநிலத்தில், டென்னி பண்ணை என்ற இடத்தில், டிரெய்லர்களில் ஏற்றி வந்த எரியுலையால் டையாக்சின் கலந்த மண்ணை எரித்துக் காட்டியது. வேலை முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடும் என்பதே மக்கள் அதை ஏற்பதற்குப் பெரிய காரணமாக இருந்திருக்கலாம்.

இந்தியாவில் கதை வேறு. 1987இல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டப்பட்டது. 21 நாள் ஓடியது, நின்றுவிட்டது. இயந்திரத்தில் பழுதில்லை. டெல்லியின் குப்பை எரியவில்லை! ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் அதிகம். நம் குப்பையில் காய்கறித் தோலும் ஈரச் சோறும் மண்ணும் அதிகம். இது நகரத்து நிலையான உலைதான் என்றாலும், முகாம் உலைக்கும் இதுவே பெரிய எதிரி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோ முகாம் குப்பையில் 60 கிலோ ஈரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் தருவது சுமார் 36 மெகாஜூல். ஆக, துளி வெப்பம்கூட வீணாகாத உலையிலும் அந்தத் தண்ணீரை விரட்டவே 4 லிட்டருக்கு மேல் டீசல் போய்விடும். அதன் பிறகுதான் குப்பையை எரிக்கும் பேச்சு. எந்த உலையும் வெப்பத்தை வீணாக்காமல் இருப்பதில்லை. ஈரம் கூடக்கூடச் சூடு இறங்கும், சூடு இறங்கினால் டையாக்சின் ஏறும். டீசலை மிச்சம்பிடிக்க நினைக்கும் ஒப்பந்ததாரர் இரண்டாவது பர்னரை அணைத்துவிட்டால் அந்த உலைக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குழிக்கும் வித்தியாசம் புகைபோக்கி மட்டும்தான்.

பனியில் இரண்டு முகாம்கள்

சாலையே இல்லாத இடத்தில் இந்தியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்?

1982 ஜனவரியில் முதல் இந்தியக் குழு அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தட்சிண கங்கோத்ரி நிலையமும், 1989இல் மைத்ரியும், 2012இல் பாரதியும் வந்தன. மைத்ரியில் கழிப்பறையே ஒரு சிறு எரியுலை. கழிவு அங்கேயே சாம்பலாகிவிடும். தண்ணீரைத் திறந்து விட்டுக் கழுவ அது ஓசூர் அல்ல, குழாய் உறைந்துவிடும். மற்ற குப்பைக்கு 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கை வழி சொல்கிறது. 1998இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை திறந்தவெளியில் எரிப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னது. உதிரும் தெர்மோகோல் மணிகளைக் கண்டத்துக்குள் கொண்டுவரவே தடை. எரியுலையில் எரித்தாலும் மிஞ்சும் சாம்பலைக் கப்பலில் ஏற்றித் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். சாம்பலைக்கூட விட்டுவைக்காத சட்டம்! இந்தியாவும் 2022இல் தனக்கென அண்டார்க்டிக் சட்டம் இயற்றிக்கொண்டது.

இன்னொரு முகாம் சியாச்சின். 1984 முதல் அங்கே படை நிற்கிறது. குளிரில் எதுவும் மக்காது. முப்பது ஆண்டுக்கு முன் வீசிய டின் இன்றும் டின்தான். பனியாறு உருகி நூப்ராவாகி, ஷியோக்கில் கலந்து, சிந்துவில் சேர்கிறது. கழிவும் அதே வழியில்தான் போக வேண்டும். 2018இல் தொடங்கிய துப்புரவுப் பணியில் 2019க்குள் ஏறத்தாழ 130 டன் குப்பையை இராணுவம் கீழே இறக்கியது. அட்டையும் காகிதமும் கட்டுக் கட்டாக அழுத்தப்பட்டன. உலோகம் தனியே போனது. அடிவார முகாம்களில் வைத்த எரியுலைகளுக்கு மிச்சம் மட்டும் சென்றது. எரியுலை மேலே ஏறவில்லை, குப்பை கீழே இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கிய உலையும் எரியாத உலையும்

பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் நல்ல பதில். 2001க்குப் பிறகு அங்கே முகாமிட்ட அமெரிக்கப் படை, பிளாஸ்டிக், பேட்டரி, டயர், மருந்து, பெயின்ட் என எல்லாவற்றையும் பெரிய குழிகளில் கொட்டி எரித்தது. ஈராக்கின் பலாத் தளத்துக் குழி இதற்குப் பேர்போனது. வீரர்கள் மூச்சுத்திணறலும் புற்றுநோயுமாக ஊர் திரும்பினார்கள்.

எரியுலைகள் வாங்கப்படாமல் இல்லை. ஆப்கானிஸ்தானில் மட்டும் 8 கோடி டாலருக்கும் மேல் செலவானது. அவற்றில் நான்கு தளங்களில் இருந்த எட்டு உலைகள், 2 கோடி டாலர் மதிப்புள்ளவை, ஒரு நாளும் பயன்படுத்தப்படவில்லை என்று ஆப்கன் மறுசீரமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கை அலுவலகம் 2015இல் அறிக்கை தந்தது. லெதர்நெக் முகாமில் உலைகள் நின்றுகொண்டிருக்க, பக்கத்திலேயே குழி எரிந்துகொண்டிருந்தது. பெரிய உலைகளை இயக்குவதற்கான ஒப்பந்தமே போடப்படவில்லை! உலையை வாங்குவது ஒரு நாள் வேலை. டீசல் ஊற்றி, சாம்பல் அள்ளி, பழுது பார்ப்பது தினசரி வேலை. அந்த வேலைக்கு நிதி ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பேக்ட் சட்டம், எரிகுழிப் புகையால் நோயுற்ற அமெரிக்க வீரர்களுக்கு மருத்துவமும் உதவித்தொகையும் வழங்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த முகாம்களில் சமையலும் துப்புரவும் செய்தவர்களில் பெரும்பகுதியினர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போன கூலித் தொழிலாளர்கள். படைவீரர்களுக்கான அச்சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. நூறாண்டுக்கு முன் மெசபடோமியாவில் உலை ஊதிய பின்தொடர்வோரும் இதே நிலத்தில்தான் நின்றார்கள்.

சபரிமலையில் தமிழர்கள்

காட்டுக்குள் ஒரு பெரிய முகாம் என்றால் நம் பக்கத்தில் சபரிமலையைத்தான் சொல்ல வேண்டும். பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுவே, இரண்டு மாதத்தில் இலட்சக்கணக்கானோர் வந்து போகும் இடம். தமிழகத்திலிருந்து போகும் பக்தர் கூட்டமும் பெரியது. சன்னிதானத்தில் எரியுலைகள் உள்ளன. இருந்தும் இருமுடியில் வரும் பிளாஸ்டிக் பை மிளா மான்களின் வயிற்றுக்குள் போவது நிற்கவில்லை.

அங்கே குப்பையை உண்மையில் அகற்றுவது உலை அல்ல, விசுத்தி சேனை. 1995இல் உருவான சபரிமலைத் துப்புரவுச் சங்கத்தின் கீழ், பருவகாலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் பெருக்கி, அள்ளி, பிரித்துக் கொண்டுசெல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போகும் தொழிலாளர்கள். ஈரம் தனி, உலர்ந்தது தனி என்று அவர்கள் கை பிரிக்காத மூட்டை உலைக்குப் போனால், திமார்பூரில் நடந்ததுதான் மலையிலும் நடக்கும்.

மறுபடி சானமாவு

சரி, சானமாவுக் காட்டோரத்து முகாம்களுக்கு ஒரு நடமாடும் எரியுலை கொண்டுவந்தால் என்ன?

முதலில் சட்டம் குறுக்கே நிற்கும். 1998இல் வந்து 2016இல் திருத்தி எழுதப்பட்ட மருத்துவக் கழிவு விதிகள், அக்கழிவை எரிக்கும் உலைக்குக் குறைந்தது 30 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்கின்றன. பத்து மாடி உயரம்! டிரெய்லரில் அதை எப்படி ஏற்றுவது? 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்றும் விதி உண்டு. புகைபோக்கி உயரமாக இருந்தால் புகை பரவித் தேயும். தாழ்ந்திருந்தால் கொட்டகைக்குள்ளேயே இறங்கும். ஓசூர்ப் பகுதியின் மார்கழிப் பனிமூட்டத்தில் புகை எங்கே நிற்கும் என்று அங்கே ஒரு விடியற்காலை நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி என்பது யானைகளும் அங்கே நிற்கும் காலம்.

அதற்காகக் குழியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. உப்பும் எண்ணெயும் ஊறிய சோற்றுப் பொட்டலத்தின் வாசனை யானைக்கு எட்டும். பாதி எரிந்து அணைந்த குழியை அது காலால் கிளறித் தேடும், பையோடு சேர்த்து விழுங்கும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. கருப்பையில் வளர்ந்த கருவும் இருந்தது. பக்கத்திலேயே ஊராட்சியின் குப்பைக் கிடங்கு.

அண்டார்க்டிகாவுக்குக் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறைதான் போகும். சியாச்சினுக்கு ஹெலிகாப்டர் வேண்டும். சானமாவுக் காட்டை ஒட்டி ஓசூர் இராயக்கோட்டைச் சாலை போகிறது. கொட்டகைகளுக்கு அரிசி, சிமெண்ட், தண்ணீர் கேன் எல்லாம் அந்தச் சாலையில்தான் வருகின்றன. இறக்கிவிட்டு லாரிகள் காலியாகவே திரும்புகின்றன. ஈரத்தைப் பிரித்து எருக்குழியில் மூடிவிட்டால் மீதி ஒரு கொட்டகைக்கு நாளுக்கு ஒரு சாக்குகூட வராது. அந்தச் சாக்கை ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க டீசல் தேவையில்லை.